நிமிராத தளம்

போடியில் நான் வீடு கட்டிக் கொடுத்த காலம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "விழுமா, விழாதா?" வளையுமா என்று ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. கான்கிரீட் தளம் போட்டு முட்டுப் பிரித்ததும் நாலு பேர் மேலே ஏறுவார்கள். குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பார்கள். கிண்ணென்று இருந்தால் முடிந்தது. அந்தத் தளம் பேரன் காலம் வரைக்கும் அப்படியே இருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டு இறங்கி வந்து காப்பி குடிப்பார்கள்.

அப்படி இருக்காது. பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டு எடுக்காமலே விட்டால், கான்கிரீட் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும். சத்தம் போடாது, சொல்லிக்கொள்ளாது. இன்றைக்குப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, நாளைக்குப் பார்த்தாலும் தெரியாது. இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்தையும்விட அதிகமாகச் சொன்னது என் சொந்த அக்கா வீட்டில். அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் ராசிங்காபுரம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத மண். அங்கே ஓடி ஆடித் திரிந்த அக்காவை மலைத்தோட்டக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மச்சானுக்குப் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகிற வழியில் ஏலத்தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தகரக் கூரை, சுற்றிலும் மரம், பாதி நாள் மஞ்சு என்கிற மூடுபனி. வீட்டை ஒட்டினாற்போல் ஸ்டோர். பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டிடத்தை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். காய் பறிக்கிற காலத்தில் இரவு பகலாக அதில் நெருப்பு எரியும். ஈரமும் புகையும் சேர்ந்து, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது.

சாதாரண இழுப்பு இல்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏற, ஒரு மூச்சுக்கு அவள் படுகிற பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். போடி டாக்டர் மச்சானிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இந்த அம்மாவைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், மலையில் வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை. மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வாரமே போடியில் மனை பார்க்கக் கிளம்பிவிட்டார். என் அக்கா மூச்சு விடுவதற்காகவே கட்டின வீடு அது. நான் அப்போதுதான் டிப்ளமோ முடித்து, கடைவீதியில் சின்னதாக ஓர் அறை பிடித்து, பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் பிற்பாதி.

மச்சான் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் அப்போதே சண்டை போட்டுப் பிரிந்திருப்பேன். நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நல்லவர். அதிலும் எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் தொட்டுச் சரிபார்க்கிற நல்லவர். அதுதான் தொல்லை.

கூடம் பதினாறடி அகலம், அதைப்போல இரண்டு பங்கு நீளம். அதற்கு மேலே மாடியில் ஓர் அறை. தோட்டத்துக் காயை விலை வருகிற வரைக்கும் அங்கே இருப்பு வைப்பதாகத் திட்டம். தரையில் வைத்தால் ஈரம் ஏறி ஏலக்காயின் பச்சை நிறம் போய்விடும். சரி, பாரம் வரப்போகிற தளம் என்று நான் கூடத்தின் குறுக்கே இரண்டு பீம் போட்டு வரைந்து எடுத்துப்போனேன். மச்சான் பிளானை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன மாப்ளே, ரெண்டு கோடு?"

"பீம், மச்சான். தளத்தைத் தாங்குறதுக்கு."

"உத்தரம்னு சொல்லு. உத்தரத்துக்குக் கீழ படுத்தா நெஞ்சுல பாரம் ஏறும்யா. அவளுக்குச் சும்மாவே மூச்சு முட்டுது. அதுல நீ வேற தலைக்கு மேல ரெண்டு உத்தரத்த ஓட்டுறேங்கிற."

"இது உத்தரம் இல்ல மச்சான், கான்கிரீட் பீம்."

"பேர மாத்துனா ஆச்சா?"

பெண்டாட்டி நெஞ்சுக்காகப் பேசுகிறவரிடம் கணக்கைக் காட்டி என்ன பிரயோசனம்? பீமை அழித்தேன். தளத்தையாவது ஆறு அங்குலம் கனமாகப் போடலாம் என்றேன். சிமெண்டு அப்போது பெர்மிட்டில்தான் கிடைக்கும். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது ஐந்து அங்குலத்துக்குத்தான் காணும் என்று ஆகிவிட்டது. கம்பியைக் கொஞ்சம் நெருக்கிக் கட்டச் சொன்னேன். விழாது, எனக்குத் தெரியும். ஆனால் வளையும். அதுவும் தெரியும்.

வளைவதற்கு ஒரு மாற்று உண்டு. தளம் போடுவதற்கு முன் கீழே பலகை அடித்து, அதைத் தாங்க வரிசையாக முட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பலகையை நடுவில் மட்டும் ஒரு அங்குலம் போலத் தூக்கி வைத்துவிட்டால், தளம் முதலிலேயே லேசாக மேல் பக்கம் குவிந்து நிற்கும். பின்னால் தொய்கிறபோது மட்டத்துக்கு வந்து சேரும். இதைக் கொத்தனாரிடம் சொல்லி, நானே கூட நின்று முட்டுக்குக் கீழே ஆப்பு வைத்துத் தூக்கிவிட்டுத்தான் பக்கத்து ஊரான தேவாரத்தில் இன்னொரு வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலையில் வந்து சேர்ந்தேன். கலவை ஓடிக்கொண்டிருக்கிறது, சித்தாள்கள் சட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பாதிக் கூடம் ஏற்கெனவே போட்டாயிற்று. மச்சான் சாரத்தின் மேல் நின்று கையில் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ளே, நீ கவனிக்காம விட்டத நான் புடிச்சிட்டேன் பாத்தியா? நேத்துச் சாயங்காலம் ட்யூபு வச்சுப் பாக்குறேன், நடுவுல ஒரு அங்குலம் தூக்கிக்கிட்டு நிக்குது! விட்டிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்ல."

"என்ன செஞ்சீங்க மச்சான்?"

"என்ன செய்யுறது, ஆப்பப் பூராத் தட்டி எறக்கி மட்டம் பண்ணியாச்சு. இப்ப நூல் புடிச்சாப்ல இருக்கு. நீயே பாரேன்."

நான் கொத்தனாரைப் பார்த்தேன். "மொதலாளி சொன்னாரு, எறக்கிட்டோம்" என்று அவர் கரண்டியைத் தட்டினார். நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். போட்ட கான்கிரீட்டை அள்ளவா முடியும்? மச்சானுக்கு என் கோபம் கடைசி வரை புரியவில்லை. தப்பைக் கண்டுபிடித்துவிட்டதால் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் வேலையாட்களுக்குப் போட்ட கறிச்சோற்றில் எனக்கு மட்டும் தனியாக ஈரல் எடுத்து வைக்கச் சொன்னார். நானும் தின்றேன், வேறென்ன செய்ய.

முட்டுகளையாவது சீக்கிரம் பிரிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இளம் கான்கிரீட்டில் பாரம் ஏறினால் பின்னால் தொய்வு இன்னும் கூடும். ஒரு மாதம் கழித்துப் பிரியுங்கள், அதற்கப்புறமும் நடுவில் ஒரு வரிசையை விட்டு வையுங்கள் என்றேன். தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. "வர்ற சொந்தக்காரவுக, முட்டுக் குடுத்து நிப்பாட்டியிருக்கிற வீட்டையா பாத்துட்டுப் போகணும்?" என்று மச்சான் கேட்டார். இரண்டு வாரத்தில் எல்லாம் பிரித்து, வெள்ளை அடித்து, மாவிலை கட்டியாயிற்று.

பால் காய்ச்சின அன்றைக்கு அக்கா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பி வேகமாக நடந்து வந்தாள். "டேய் தம்பி, எளைக்கலடா!" என்றாள். பத்து வயதுப் பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பீமையும் ஆப்பையும் முட்டுகளையும் நான் மறந்திருந்தேன்.

அதன் பிறகு அவளுக்கு நல்ல காலம். மலையில் இருந்தபோது பிள்ளைகளைத் திட்டக்கூட மூச்சுக் காணாது. போடியில் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரித் திட்டினாள். தண்ணீர்க் குடம் தூக்கினாள், சந்தைக்கு நடந்து போய்வந்தாள். டாக்டரைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது என்று பெருமையாகச் சொன்னாள். மச்சான் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஜீப்பில் மூட்டை வரும். மாடிக்கு ஏறும்.

ஏலக்காய் மூட்டையை மாடியில் எப்படி அடுக்குவார்கள் தெரியுமா? அறைக்கு நட்டநடுவில். தரையில் மரச்சட்டம் போட்டு, அதன் மேல் தார்ப்பாய் விரித்து, நடுவில் குன்று மாதிரி அடுக்கிக்கொண்டே போவார்கள். தளத்துக்கு எந்த இடத்தில் பாரம் ஆகவே ஆகாதோ, சரியாக அந்த இடத்தில்.

"சுவரோரமா அடுக்குங்க மச்சான். நடுவுல வேணாம்."

"செவத்துல ஈரம் ஏறும்யா. ஒரு மழைக்குக் காயி வெளுத்துப் போகும். அப்புறம் எவன் வாங்குவான்?"

அவர் சொன்னதும் சரிதான். காயைப் பொறுத்தவரை அவர் சரி, தளத்தைப் பொறுத்தவரை நான் சரி. இரண்டு சரியும் ஒரே அறையில் இருந்தால் என்னதான் செய்வது! "சீக்கிரம் வித்துக் காலி பண்ணுங்க" என்றால் விலை ஏறட்டும் என்பார். ஏறினால் இன்னும் ஏறட்டும் என்பார். பழைய காய் போவதற்குள் புதுக்காய் வந்துவிடும். தளத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடையாது. "பஞ்சு மாதிரிச் சரக்கு மாப்ளே. நெல்லா, சிமெண்டா? ஏலக்காய்க்குப் போயி இம்புட்டுப் பயப்படுற" என்று என் தோளில் தட்டுவார். மலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நினைப்புத்தான். கையில் எடுத்தால் கனமே தெரியாத காய் அல்லவா, மூட்டையாகக் கட்டினாலும் லேசுதான் என்று மனதில் பதிந்துவிடும்.

பிள்ளைகள் படிக்க ஒரு மூலை வேண்டுமென்று, கூடத்தின் குறுக்கே அரைச்செங்கல் கனத்தில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, அதில் ஒரு கதவும் போட்டார்கள். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். பல்லி போகும் என்று பூசி அடைத்துவிட்டார்கள். எனக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் கதவு இறுக ஆரம்பித்தது. ஆசாரி வந்து மேல் பக்கம் இழைத்துவிட்டுப் போனார். மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்றார். சில மாதத்தில் திரும்ப இறுகியது, திரும்ப இழைத்தார். நான் போகும்போதெல்லாம் அந்தக் கதவு குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகச் சித்திரை வெயிலில், தார் ரோடு உருகுகிற நாளில் ஆசாரி உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறார். மச்சான் பக்கத்தில் நின்று, "மரம் ஊதியிருச்சு மாப்ளே" என்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சித்திரையில எந்த ஊர்ல மரம் ஊதும்? ஏணியக் கொண்டாங்க, வெரசா!" என்று கத்தினேன். தடுப்புச் சுவரை ஒட்டி, தளத்தின் அடியில் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவுக் கட்டையை வைத்து, நூலை இழுத்துக் கட்டினேன். ஓரத்தில் நூலுக்கும் தளத்துக்கும் நடுவே நாலு விரல் போகிறது. நடுவில் ஏறி விரலை வைத்தேன். இரண்டு விரலுக்குமேல் போகவில்லை. தளம் நடுவில் இரண்டு விரல்கடை இறங்கித் தடுப்புச் சுவரின் தலையில் உட்கார்ந்திருந்தது. சுவர் கதவு நிலையை அழுத்த, நிலை கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் மேலே காலண்டர் மாட்டி வைத்திருந்தார்கள்.

"நீங்களே ஏறிப் பாருங்க" என்றேன்.

மச்சான் ஏறினார். விரலை வைத்தார். இறங்கினார். ஆசாரியைப் போகச் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன்? அப்பாடா, இத்தனை வருஷம் கழித்து இந்த மனிதர் நம்பிவிட்டார் என்று இருந்தது.

அன்றைக்கே ஆள் விட்டு மூட்டை முழுவதையும் இறக்கிவிட்டார். "பாரத்த எடுத்தாச்சு. இனி நிமிர்ந்துக்கும்" என்றார்.

"நிமிராது மச்சான். இப்படியேதான் இருக்கும். ஆனா இதுக்கு மேல பயமில்ல."

"ஏன் நிமிராது?"

அப்போதுதான் அவர் மனதில் இருந்தது எனக்கு விளங்கியது. தோட்டத்து ஸ்டோரில் பச்சைக்காய் பரப்புகிற மரத்தட்டுகள் வரிசையாக இருக்கும். பறிப்புக் காலத்தில் ஈரக்காயின் பாரத்தில் அவை வளையும். காய் எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். ஏதாவது ஒரு பலகை நிமிரவில்லை என்றால், உள்ளே நார் முறிந்துவிட்டது என்று அர்த்தம். அதை மறுபடியும் தட்டுக்குச் சேர்க்க மாட்டார்கள். அடுப்புக்குப் போய்விடும். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த வளைவு அது ஒன்றுதான்.

நான் அவிழ்த்த நூலை அவர் திரும்பக் கட்டினார். தினமும் காலையில் பல் விளக்குமுன் ஏணியில் ஏறி விரலை வைத்துப் பார்த்தார். கான்கிரீட் பாரம் இறங்கினதும் ஒரு நூல் கனம் மேலே வரும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் சேர்ந்த தொய்வு போகவே போகாது. அது அதன் சுபாவம், முறிவு இல்லை. இதை நான் படம் போட்டுச் சொன்னேன், மண்ணில் கோடு கிழித்துச் சொன்னேன். தளத்தின் அடியில் ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்து, மயிரிழை வெடிப்புதான் இருக்கிறது, கம்பி துருப்பிடிக்கவில்லை, காரை உதிரவில்லை என்று காட்டினேன். அவர் காதில் ஏறவில்லை.

"உள்ளுக்குள்ள முறிஞ்சிருச்சு மாப்ளே. நீ எனக்காகச் சொல்ற."

"உங்களுக்காக நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? இதுக்குக் கீழ இருக்கிறது என் அக்கா!"

"அதான் சொல்றேன். ஒன் அக்கா, என் பிள்ளைக."

வளையும் என்று சொன்னபோது வளையாது என்றார். விழாது என்று சொல்கிறபோது விழும் என்கிறார். இதற்கு முட்டிக்கொள்ள எனக்கு எந்தச் சுவர் மிச்சம் இருந்தது? பழைய தண்டவாள இரும்பு இரண்டு வாங்கி, கூடத்தின் குறுக்கே தளத்துக்கு அடியில் கொடுத்துவிடலாம், யானை ஏறினாலும் அசையாது என்றேன். "முறிஞ்ச கைக்குக் கட்டுப் போட்டு அதுலயே லோடு ஏத்தச் சொல்றியா? அதுக்கடியில பிள்ளைகளப் படுக்க வைக்கவா?" என்று கேட்டுவிட்டார். வேறு வாடகை வீடு பார்க்கலாம் என்றேன். சொந்தக் கூரை மேலே இருக்கும்போது அடுத்தவன் கூரைக்கு எதுக்குப் போகணும் என்றார். தோட்டத்துத் தகரக் கூரைதான் அந்தச் சொந்தக் கூரை. பிள்ளைகளைப் போடியில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு அக்காவை மலைக்குக் கூட்டிப்போவதாக முடிவு செய்துவிட்டார். ஸ்டோரைத் தள்ளிக் கட்டுகிறேன், புகை வராது என்றார். மஞ்சை எங்கே தள்ளிக் கட்டப்போகிறார்?

அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, அக்காவைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று அடுப்படிக்குப் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் போக மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. அவரு கேப்பாரு. டாக்டர் சொன்னது மறந்துருச்சா? அங்க போயி மறுபடி கட்டில்ல உக்காந்து மூச்சுக்குத் தவிக்கப் போறியா?"

"மறக்கலடா."

"தளம் விழாது. என்ன நம்பு. வளையும்னு நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா? சொன்னபடி வளஞ்சதா இல்லையா? அப்ப விழாதுன்னு சொல்றதையும் நம்ப வேண்டியதுதானே?"

"நம்புறேன்டா" என்றாள். கையை உதறித் துடைத்தாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்குச் சோறு எறங்கலையே. ஒரு வாய் வச்சா ஒருக்கா மேல பாக்குறேன். பிள்ளைக அங்கிட்டு நடந்தா ஓரமாப் போங்கடான்னு கத்துறேன். ராத்திரி தளத்தப் பாத்துக்கிட்டே கெடக்கேன். அங்க மூச்சு முட்டுனா எந்திரிச்சு உக்காந்துக்கலாம். இங்க கண்ண மூட முடியலடா தம்பி."

கணக்கில் பதில் இருந்தது. ஆனால் அது இதற்கான பதில் இல்லை. தொய்வுக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டவிடாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த எல்லை கட்டிடம் விழுந்துவிடும் என்பதற்காகப் போட்டதில்லை. சுவர் வெடிக்காமல், கதவு இறுகாமல், கீழே இருக்கிறவன் கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பதற்காகப் போட்டது. அக்கா வீட்டுத் தளம் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. நானோ விழாது, விழாது என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் ஜீப்பு வாசலில் நின்றது. பாத்திரம், படுக்கை, தையல் மிஷின் எல்லாம் ஏறிவிட்டது. காலியான கூடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை பொங்கியது. ஒரு பாயை எடுத்து, கூடத்தின் நட்டநடுவில், தளம் அதிகமாக இறங்கியிருந்த இடத்துக்கு நேர் கீழே விரித்து, மல்லாந்து படுத்துவிட்டேன்.

"என்ன மாப்ளே இது, சின்னப்பிள்ளையாட்டம்?" என்றார் மச்சான்.

"இன்னைக்குப் பூரா இங்கதான் படுத்திருப்பேன். என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா வாசற்படியில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டே ஓரமாக நாலு எட்டு உள்ளே வந்தாள். நடுவுக்கு வரவில்லை.

"எந்திரிடா."

"மாட்டேன். நீ வா. வந்து என் பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காரு. ஒண்ணும் ஆகாதுன்னு நீயே தெரிஞ்சுக்குவ."

அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். மேலே பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் நெஞ்சு வேகமாக ஏறி இறங்குவது படுத்திருந்த எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் போடியில் வைத்து நான் அதைப் பார்த்ததில்லை.

"என்னால ஆகலடா" என்றாள். "சாவிய சன்னல்ல வைக்கிறேன்."

ஜீப்பு கிளம்பிப் போய்ச் சத்தம் தேய்கிற வரைக்கும் அப்படியே கிடந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேலே மூட்டை இல்லை, ஆள் இல்லை. ஐந்து அங்குலத் தளம், அடியில் நெருக்கிக் கட்டின கம்பி, எல்லாக் கணக்கும் எனக்கு மனப்பாடம். சோறு தின்ற மயக்கம், அலைந்த அலைச்சல், கண் சொக்கியது. சொக்கின கண் ஒவ்வொரு தடவையும் தானாகத் திறந்துகொண்டு மேலே பார்த்தது. திட்டிக்கொண்டே மூடினேன். திரும்பத் திறந்தது. கடைசியில் எழுந்து, யாரும் பார்க்கிறார்களா என்று வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, பாயை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.